முப்பத்திரண்டைக் கூட்டு

களுவாஞ்சிக்குடியில் வந்து இறங்கி, வினாயகமூர்த்தி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். ‘முப்பத்திரண்டார் வீடு’ என்று கேட்டால்தான் படலைவரை கொண்டுவந்து விடுவார்கள். வெளியூர்க்காரர், மனிதனுக்கு இந்த வயதிலும் முழுப் பல்வரிசை இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து, அவர் சிரிக்கும்போது ஏமாந்து போவார்கள். வாயில் மிஞ்சியிருப்பது பதினொன்று. பெயரில் உள்ள முப்பத்திரண்டு சூட்டுக் கணக்கில் வருவது.

உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே சுவரில் தொங்கிய வெப்பமானி வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அதில் பரன்ஹைட் மட்டும்தான் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் செல்சியஸ் கட்டம் மட்டும்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வினாயகமூர்த்தி இருந்தார். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் பிரித்து எழுதுவார். சந்தேகப்பட்டு யாராவது பெரிய அதிகாரி திருப்பிக் கேட்டால், ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் பிரித்து, “முப்பத்திரண்டைக் கூட்டு” என்று தனக்குத்தானே ஒரு அதட்டல் போட்டுக்கொண்டு விடையைச் சொல்வார். அந்த அதட்டல்தான் பட்டப்பெயராகிவிட்டது.

பென்சன் எடுத்த பிறகும் மவுசு குறையவில்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் பரன்ஹைட்டில்தான் காயும், வெயில் செல்சியஸில்தான் எறிக்கும். காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் வீடே பதறும். முப்பத்தொன்பது என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் பாயை விட்டு எழும்ப மாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் சூடு எழுதிக்கொடுத்த துண்டும் கையுமாகச் சனம் அவரிடம்தான் வந்தது. பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. துண்டோடு வருகிறவர்கள் குறைந்தார்கள், கடைசியில் இல்லாமலே போனார்கள். “போன் விடையைச் சொல்லும், வழியைச் சொல்லாது” என்று வினாயகமூர்த்தி சொல்லிக்கொண்டு திரிந்தார். வழியை யாரும் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு மச்சான். மனைவி புஸ்பத்தின் அண்ணன், சீனித்தம்பி. வினாயகமூர்த்தி இப்போது இருக்கிற வீட்டில்தான் சீனித்தம்பி பிறந்தார். தங்கைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பெண் எடுத்துப் போய் அங்கேயே வயலும் மாடுமாக இருந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் இரண்டு பேரும் ஒரு சுருட்டை மாறி மாறிப் பிடித்தவர்கள். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணமும் சூடுதான். கொரோனாக் காலத்தில் வினாயகமூர்த்தியின் மகள் கம்சாயினிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வருகிறவர்களின் நெற்றியில் துப்பாக்கி பிடித்துச் சூடு பார்த்து எழுத வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியின் கட்டளை. துப்பாக்கி பரன்ஹைட்டில் காட்டியது. படிவம் செல்சியஸில் கேட்டது. இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்? பெண்ணைப் பெற்ற தகப்பன், பட்டுச் சால்வையோடு, துப்பாக்கியும் கையுமாக வாசலில் போய் நின்றுவிட்டார். உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில், சீர்வரிசைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார் தாய்மாமன் சீனித்தம்பி. துப்பாக்கி நூறு தசம் எட்டு என்றது.

“முப்பத்தெட்டு தசம் ரெண்டு!” என்று வினாயகமூர்த்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “மச்சான், சட்டம் சட்டந்தான். அந்த வேப்ப மரத்துக்குக் கீழ கொஞ்சம் இரு.”

சீனித்தம்பி இருந்தார். நாற்பது நிமிடம். உள்ளே கெட்டிமேளம் முழங்கியதை மரத்தடியில் இருந்து கேட்டார். அதற்குப் பிறகு பிடித்துப் பார்த்தபோது தொண்ணூற்றேழு தசம் ஒன்பது. தட்டத்தை வாசல் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து புஸ்பம் மட்டும்தான் வாவியைக் கடந்து அண்ணனிடம் போய் வந்தாள். வினாயகமூர்த்தி, சட்டப்படி நடந்த தன்னிடம் என்ன பிழை என்று ஊரெல்லாம் கேட்டார். கேட்டுக் கேட்டு, ஊர் அலுத்துப் போயிற்று.

இந்த வருடம் வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு சீனித்தம்பிக்குக் காய்ச்சல். வயல் தண்ணீரில் நின்றவருக்கு வருகிற எலிக்காய்ச்சலோ என்று புஸ்பம் பயந்தாள். வீட்டில் இருந்த கண்ணாடித் தெர்மோமீற்றரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தினமும் போனாள். அவள் திரும்பி வரும் நேரம் பார்த்து வினாயகமூர்த்தி பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார்.

“எவ்வளவு?” என்பார், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“ஆருக்கு?”

“ஆருக்கெண்டா? தெர்மோமீற்றருக்கு.”

“தெர்மோமீற்றருக்கு நூற்றியிரண்டு தசம் எட்டு. என்ட அண்ணனுக்குத் தலையிடி, மேல் நோவு, சோறு இறங்குதில்ல.”

அவள் குசினிக்குள் போனதும் எழும்பிப் போய், சுவரில் தொங்கிய கலண்டரில் அன்றைய கட்டத்தின் மூலையில் பென்சிலால் 102.8 என்று எழுதுவார். யாரும் கேட்டால் மழை என்று சொல்ல நினைத்திருந்தார். புஸ்பம் கேட்கவில்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமைக் கட்டத்தில் 103.6 ஏறியது. அன்றே சீனித்தம்பியின் மகன் திவாகரன் தகப்பனை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வினாயகமூர்த்தி அன்று சாப்பிடும்போது உப்பில்லை என்று சொல்ல மறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திவாகரன் சொன்னான்: “கூடவும் இல்ல, குறையவும் இல்ல.” கட்டம் வெறுமையாகக் கிடந்தது. புதன்கிழமை காலையில், புஸ்பத்தின் போனுக்கு அவனுடைய குரல் வந்தது. தூக்கமில்லாமல் அடைத்துப்போன குரல்.

“மாமி, அப்பாக்குக் காய்ச்சல் ரெண்டு டிகிரி குறைஞ்சிட்டு. நேர்ஸ் இப்பதான் சொன்னா. போன் சாகப்போகுது மாமி, மறுகா எடுக்கன்…”

அதோடு நின்றுவிட்டது.

“பிள்ளையாரே!” என்று புஸ்பம் கையெடுத்துக் கும்பிட்டாள். “அண்ணனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போகப்போறன். பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. நீங்க வாறதெண்டா வாங்க, வராட்டி விடுங்க.” குசினிக்குள் போய்விட்டாள்.

வினாயகமூர்த்திக்கும் நெஞ்சுக்குள் எதுவோ இறங்கினாற்போல இருந்தது. எழும்பிக் கலண்டரிடம் போனார். புதன்கிழமைக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர் செல்சியஸ்காரர்; கலண்டர் பரன்ஹைட். சும்மா எழுத ஏலுமா? போன மாதத் தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டார். இரண்டை ஒன்பதால் பெருக்கப் பதினெட்டு. ஐந்தால் பிரிக்க மூன்று தசம் ஆறு. முப்பத்திரண்டைக் கூட்டு. முப்பத்தைந்து தசம் ஆறு.

நூற்றி மூன்று தசம் ஆறிலிருந்து அதைக் கழித்தார்.

அறுபத்தெட்டு.

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு மறுபடி போட்டார். அறுபத்தெட்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போட்டார். அதே அறுபத்தெட்டு, தசம்கூட இல்லாமல், முழுசாக வந்து நின்றது. அவர் போட்ட கணக்கில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை. இதிலும் பெருக்கல் சரி, பிரித்தல் சரி, கூட்டல் சரி, கழித்தல் சரி.

கதிரையில் இருந்தார். ஒரு மனிதனின் உடம்பு அறுபத்தெட்டில் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். அதோடு நின்றிருந்தால்கூட நம்பிக்கைக்கு இடமிருந்திருக்கும். அவர் மேலும் யோசித்தார். விறாந்தை நிழலிலேயே இப்போது தொண்ணூற்றொன்று. மண்பானைத் தண்ணீர்கூட எழுபத்தைந்துக்குக் கீழே இறங்காது. மட்டக்களப்பில் ஒரு பொருள் தானாக அறுபத்தெட்டுக்குக் குளிர வழியே இல்லை. அப்படிக் குளிர்ந்திருக்கிறதென்றால், அதை எதற்குள்ளோ வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆட்களை வைத்துக் குளிரப்பண்ணுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

திவாகரனின் அடைத்த குரல் இப்போது அவருக்கு நன்றாக விளங்கியது. நல்ல பிள்ளை. மாமிக்கு ஒரேயடியாகச் சொல்ல வாய் வராமல் டிகிரியில் சொல்லியிருக்கிறான். கணக்குத் தெரிந்த மாமா வீட்டில் இருக்கிறார், அவர் பிடித்துக்கொள்வார் என்று. அவனுடைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். அவர் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு மங்கையற்கரசியைக் கூப்பிட்டார். “தங்கச்சி, உன்ட போன்ல ரெண்டு செல்சியஸ் எத்தின பரன்ஹைட் எண்டு ஒருக்காப் பார்.” வாழ்நாளில் முதல் முறையாக வினாயகமூர்த்தி போனிடம் கேட்டது அன்றுதான். அது பிழை சொல்ல வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

“முப்பத்தைஞ்சு தசம் ஆறு அண்ணன். ஏன், என்ன நடந்த?”

போனும் கைவிட்டுவிட்டது. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மச்சான் போயிட்டான்” என்றார்.

மங்கையற்கரசியிடம் ஒரு செய்தியைச் சொன்னால் தபாலுக்குச் செலவில்லை. கால் மணித்தியாலத்தில் ஒழுங்கைத் தலைப்பில் வெள்ளைக்கொடி ஏறியது. சீனித்தம்பி பிறந்த வீடல்லவா. வாலிபர் கழகத்தார் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பறைமேளத்துக்கு ஆள் போயிற்று. பிரேதம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டவர்களுக்கு, “அறுபத்தெட்டில வச்சிரிக்காங்க” என்று வினாயகமூர்த்தி பதில் சொன்னார். அது கட்டில் இலக்கம் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள்.

புஸ்பத்திடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பின்பக்கக் குசினியில், தேங்காய்ப் பால் திரளாமல் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லத்தான் வினாயகமூர்த்தி எழும்பினார். நாலடி வைத்ததும், முற்றத்தின் நடுவில், அத்தனை சனத்துக்கும் முன்னால் அவருக்கு உடைந்துவிட்டது. அழுதார். அவர் அழுது ஊர் பார்த்ததில்லை.

“நான்தான் அவனை மரத்துக்குக் கீழ இருத்தினன்,” என்றார். “என்ட பிள்ளைட தாய்மாமன். தாலி கட்டுறதைப் பாக்க உடல்ல. எனக்குத் தெரியும். அது காய்ச்சல் இல்ல, வெயிலுக்குள்ள மோட்டார் சைக்கிள் ஓடி வந்த சூடு எண்டு துப்பாக்கி பிடிச்ச அந்த நிமிசமே எனக்குத் தெரியும். ஆனா இலக்கத்தை வாயால சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் முன்னால சொன்னதத் திருப்பி எடுக்க ஏலாமப் போச்சு. நாலு வருசமா ஏலாமப் போச்சு.”

மங்கையற்கரசி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எது உங்களுக்குத் தெரியும்?”

புஸ்பம் கஞ்சி சொட்டுகிற அகப்பையோடு வாசலில் நின்றாள். கதிரைகளைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். ஒப்பாரிக்குத் தயாராகத் தலைமயிரை அவிழ்த்துவிட்டிருந்த இரண்டு கிழவிகளைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. “ஆர் சொன்ன?” என்றாள்.

“ஒருத்தரும் சொல்லல்ல, புஸ்பம். கணக்கு சொல்லுது.”

கிழவிகள் தொடங்கப் போனார்கள். அவள் அகப்பையைத் தூக்கிக் காட்டினாள், அவர்கள் அடங்கினார்கள். “நான் அழுறதுக்கு முதல் அந்தக் கணக்கை எனக்குச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். ஒன்பதால் பெருக்கியதை, ஐந்தால் பிரித்ததை, முப்பத்திரண்டைக் கூட்டியதை, கழித்ததை, மண்பானையை, பிணவறைக் குளிர்ப்பெட்டியை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். போனும் அதையே சொன்னதென்று மங்கையற்கரசி எடுத்துக்கொடுத்தாள். நாற்பது வருடமாக அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டவள் புஸ்பம். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“செவ்வாக்கிழமை மத்தியானம் திவாகரன் என்ன சொன்னவன்?”

“கூடவும் இல்ல, குறையவும் இல்லயெண்டு.”

“அப்ப எத்தின டிகிரி குறைஞ்ச?”

“சுழியம்.”

“சுழியத்தை மாத்துங்க.”

“சுழியத்தை ஒன்பதால பெருக்கினா சுழியம். அஞ்சால பிரிச்சாலும் சுழியம். முப்பத்திரண்டைக் கூட்டு…” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

“கூட்டுங்க.”

“முப்பத்திரண்டு.”

“அப்ப ஒண்டுமே குறையாத அண்டைக்கே என்ட அண்ணனுக்கு முப்பத்திரண்டு குறைஞ்சிட்டு. நூற்றி மூண்டு தசம் ஆறில முப்பத்திரண்டு போனா?”

“எழுபத்தொண்டு தசம் ஆறு,” என்றார் வினாயகமூர்த்தி.

“நேத்துப் பின்னேரம் அந்த எழுபத்தொண்டு தசம் ஆறு என்னோட போன்ல கதைச்சது. ஆஸ்பத்திரித் தேத்தண்ணியில சீனி காணாதாம். திவாகரனுக்குத் தேத்தண்ணி ஊத்தத் தெரியாதாம். அரை மணித்தியாலம் ஏசின. பெட்டிக்குள்ள இரிக்கிற ஆளா அது?”

சனத்துக்குள் யாரோ சிரித்துவிட்டு, பிறகு இருமினார்கள். வினாயகமூர்த்தியின் கண்ணுக்குள் குளத்துக் கந்தோர் வந்தது. குளத்தில் நட்டிருந்த அளவுக்கட்டை வந்தது. தண்ணீர் இரண்டடி இறங்கினால் இரண்டடி என்றுதான் முப்பத்தொரு வருடமும் எழுதினார். கட்டை எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதை ஒரு நாளாவது அந்த இறக்கத்தோடு சேர்த்தாரா? முப்பத்திரண்டும் அப்படித்தான். எண்ணத் தொடங்குகிற இடம் அது. சூடு எவ்வளவு என்று கேட்டால் கூட்ட வேண்டும்; எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் தொடவே கூடாது. வெறும் மூன்று தசம் ஆறு. நூற்றி மூன்று தசம் ஆறில் மூன்று தசம் ஆறு போனால்…

“நூறு,” என்றார். “புஸ்பம், நூறு! நூறுதான்! மச்சான் நூறில இரிக்கான்!” எட்டிப்பிடித்து அகப்பையோடு அவளுடைய கையைக் குலுக்கினார். கஞ்சி அவர் சட்டையெல்லாம் தெறித்தது. கிழவிகள் இரண்டு பேரும் கொஞ்சம் மனக்குறையோடு தலைமயிரை முடிந்துகொண்டார்கள்.

“கொடிய அவிழ்க்கட்டா?” என்று வாலிபர் கழகத்தார் கேட்டார்கள்.

“அவிழுங்க. கதிரையையும் கொண்டுபோங்க,” என்ற புஸ்பம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. “கணக்கு முடிஞ்ச. மற்றது முடியல்ல. வெயில் எண்டு தெரிஞ்சுகொண்டே என்ட அண்ணனை வெளிய இருத்தினீங்க. செத்த ஆளுக்கு இவ்வளவு வடிவாச் சொன்னீங்கதானே? உசிரோட இரிக்கிற ஆளுட முகத்தைப் பாத்து ஒருக்காச் சொல்லுங்க. சொல்லாட்டி இந்த வீட்டில இனி எனக்கும் உங்களுக்கும் கதை இல்ல.”

வினாயகமூர்த்தி மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிப் பாலம்வரை தார் ரோட்டில் வெயில் கொதித்தது. இறந்தவனிடம் மன்னிப்புக் கேட்பது சுகம், அவன் திருப்பி ஒன்றும் சொல்ல மாட்டான். உயிரோடு இருக்கிறவன் என்ன சொல்வானோ? போ என்று சொல்லிவிட்டால்? பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தபோதும் அவருக்கு வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் நினைத்தார்.

ஆஸ்பத்திரி வாட்டு கீழ்த்தளத்தில், நிலத்தோடு இருந்தது. சீனித்தம்பி ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் கையில் மகனுடைய போன், சார்ஜ் வயரோடு. பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி முகைதீன்பாவா, புடவைக்கடைக்காரர், போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா புஸ்பம்,” என்றார் சீனித்தம்பி, மச்சானைக் காணாத மாதிரி. “நான் செத்து நாற்பத்தொரு பேர் அனுதாபம் போட்டிரிக்காங்க. எங்கட வயல்காரருக்குத் தலைவன், வட்டை விதானை, வெறும் கும்பிடு ஒண்டு மட்டும் போட்டிரிக்கான், ஒரு எழுத்துக் கூட இல்ல. அவன்ட செத்தவீட்டுக்கு நானும் போகமாட்டன்.”

“நானும் ஒண்டு போட்டன்,” என்றார் முகைதீன்பாவா. “பக்கத்துல இரிக்கிற மனிசனுக்குப் போடாம இரிக்க ஏலுமா?”

வினாயகமூர்த்தி வாசற்படியில் நின்றார். புஸ்பம் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு அடி உள்ளே வைத்தார். வாட்டில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டிலும் ஆள், ஒவ்வொரு கட்டிலுக்கும் பார்க்க வந்த சனம். கல்யாண வாசலில் நின்ற கூட்டத்துக்குக் குறையாது.

“மச்சான்,” என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே. “அண்டைக்கு உனக்கு இருந்தது வெயில் சூடு. தெரிஞ்சுகொண்டுதான் உன்னை வெளிய இருத்தினன். பிழை என்னில. சட்டத்துல இல்ல.”

சீனித்தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்கத் தெரியவில்லை.

“கேட்டன்,” என்றார். “மங்கை அனுப்பின வீடியோவ மூண்டு தரம் போட்டுக் கேட்டன். சத்தம் காணாது.” பிறகு பக்கத்துக் கட்டிலுக்குக் கையை நீட்டினார். “காக்கா, உங்கட சாமானை ஒருக்காத் தாங்க.”

முகைதீன்பாவா தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். மகன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த, நெற்றிச் சூடு பார்க்கிற துப்பாக்கி.

“கிட்ட வா மச்சான். நெத்தியக் காட்டு.”

வினாயகமூர்த்தி குனிந்து காட்டினார். களுவாஞ்சிக்குடியிலிருந்து உச்சி வெயிலைக் குடித்துக்கொண்டு வந்த நெற்றி. துப்பாக்கி கீச்சென்றது. சீனித்தம்பி அதைப் பார்த்தார், முகைதீன்பாவாவுக்குக் காட்டினார், பிறகு வாட்டு முழுவதுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

“முப்பத்தெட்டு தசம் ரெண்டு! இது நோயாளி இரிக்கிற இடம். சட்டம் சட்டந்தான். அந்தா, அந்த மரத்துக்குக் கீழ கொஞ்சம் இரு.”

புஸ்பம் வாயைத் திறந்தாள். வினாயகமூர்த்தி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். வெளியே போய், ஜன்னலுக்கு நேரே நின்ற வாகை மரத்தடியில், வேர் ஒன்றின்மேல் இருந்தார். நாற்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளே கஞ்சி ஊற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் சிரிக்கிற சத்தம் கேட்டது. முகைதீன்பாவா ஏதோ பகிடி விட, மூன்று பேரும் சிரித்தார்கள். எல்லாம் வெளியே கேட்டது. ஒன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கெட்டிமேளமும் மச்சானுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு தரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கடைசியில் ஜன்னல் கம்பிக்குள்ளால் துப்பாக்கி நீண்டது. பின்னால் ஊசி குத்திய கை, அதற்குப் பின்னால் சீனித்தம்பியின் முகம்.

“வா இஞ்ச.”

போனார். கம்பியோடு நெற்றியை வைத்தார். கீச்சென்றது.

“முப்பத்தாறு தசம் ஆறு,” என்றார் சீனித்தம்பி. “எனக்கு இந்தச் செல்சியஸ் விளங்கிறல்ல. மாத்திச் சொல்லு.”

போன் சீனித்தம்பியின் மடியிலேயே கிடந்தது.

வினாயகமூர்த்தி கண்ணை மூடினார். ஒன்பதால் பெருக்கினார். ஐந்தால் பிரித்தார். அந்த இடத்தில் வந்து நின்று, கண்ணைத் திறந்து மச்சானைப் பார்த்தார்.

“இதுக்குக் கூட்டலாம், மச்சான்,” என்றார் சீனித்தம்பி. “கூட்டு.”

“தொண்ணூற்றேழு தசம் ஒன்பது.”

கல்யாண வாசலில் கடைசியாக வந்த அந்த எண்ணை இரண்டு பேருக்கும் தெரியும். சீனித்தம்பி துப்பாக்கியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அப்ப உள்ளுக்க வா,” என்றார். “கஞ்சி ஆறப்போகுது.”